நாடுகளுக்கிடையே அறிவியல் ஒத்துழைப்பு உடன்படிக்கையைப் பேசி முடிப்பது எப்படி: தில்லிக்கு வரும் தமிழ் விஞ்ஞானிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியின் மின்வேதியியல் ஆய்வகத்திலோ, அடையாற்றின் தோல் ஆராய்ச்சி நிலையத்திலோ, பள்ளிக்கரணையின் கடல் தொழில்நுட்ப நிறுவனத்திலோ ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்துவிட்டு, தில்லியில் ஓர் அமைச்சகத்தின் பன்னாட்டு ஒத்துழைப்புப் பிரிவுக்கு வந்து சேரும் தமிழ் விஞ்ஞானிகளுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அவர்களுடைய ஆய்வுத் தேர்ச்சி ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால் வேறொரு நாட்டுடன் அறிவியல் ஒத்துழைப்பு உடன்படிக்கையைப் பேசி முடிக்கும் பொறுப்பு முதன்முறையாகக் கோப்பு வடிவில் மேசைக்கு வரும்போது, எங்கே தொடங்குவது, யாரைக் கேட்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று சொல்லித்தர அருகில் ஆள் கிடைப்பது அரிது. வெளிநாட்டுக் குழுவோடு எதிரெதிரே அமர்ந்து பேசும் இரண்டு நாள்கள்தான் பேச்சுவார்த்தை என்று பலரும் எண்ணுகிறார்கள். என் கணிப்பில், உடன்படிக்கையின் தலையெழுத்து அதற்கு முன்பே, நம் அமைச்சகங்கள் தமக்குள் பேசிக்கொள்வதில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால் முன்தயாரிப்புக்கும் வரைவுக்கும் இங்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

முதல் படி: உடன்படிக்கை தேவையா என்று பாருங்கள்

ஒரு தலைவரின் பயணம் நெருங்கும்போது "கையெழுத்திட ஏதாவது இருக்கிறதா" என்ற கேள்வி எல்லாத் துறைகளுக்கும் வரும். அந்த அவசரத்தில் பிறக்கும் உடன்படிக்கைகள் பல, கையெழுத்தான நாளோடு உறங்கிவிடுகின்றன. எனவே, அந்த நாட்டுடன் ஏற்கெனவே என்னென்ன உடன்படிக்கைகள் நடப்பில் இருக்கின்றன என்பதை முதலில் தேடுங்கள். ஜெர்மனியுடனான அரசு மட்ட அறிவியல் உடன்படிக்கை 1974ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இத்தகைய பழைய குடை உடன்படிக்கை உயிரோடு இருந்தால், புதிதாக ஒன்றை எழுதுவதைவிட அதன் கீழ் ஒரு செயலாக்க ஏற்பாட்டைச் செய்துகொள்வது விரைவாக முடியும்.

பொதுவாக இவை மூன்று அடுக்குகளாக அமைகின்றன. மேலே இரு அரசுகளுக்கிடையிலான குடை உடன்படிக்கை. நடுவே இரு அமைச்சகங்களோ துறைகளோ செய்துகொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தம். கீழே குறிப்பிட்ட திட்டத்துக்கான செயலாக்க ஏற்பாடு அல்லது நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தம். ரேடாரால் பூமியைக் கண்காணிக்கும் நிசார் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 செப்டம்பர் 30 அன்று டொரன்டோவில் இஸ்ரோவும் நாசாவும் கையெழுத்திட்ட ஏற்பாட்டில், எல் அலைவரிசை ரேடார் நாசாவின் பொறுப்பு, எஸ் அலைவரிசை ரேடாரும் ஏவுதலும் இஸ்ரோவின் பொறுப்பு என்று வேலை பிரிக்கப்பட்டது. 2025 ஜூலை 30 அன்று அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. பத்தாண்டுகளுக்கும் மேலாக, ஆட்சிகளும் தலைவர்களும் மாறியபோதும் அது தாக்குப்பிடித்ததற்கு, யார் எதைக் கொடுப்பார்கள் என்பது கீழ் அடுக்கிலேயே திட்டவட்டமாக இருந்தது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

சட்டப்படி கட்டுப்படுத்துவதாக இருக்க வேண்டுமா, நல்லெண்ண அறிவிப்பாக இருந்தால் போதுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். தலைப்பில் "புரிந்துணர்வு" என்று போட்டுவிட்டால் கடப்பாடு எழாது என்று நம்புவது ஆபத்தானது. 1990 டிசம்பரில் கத்தார், பஹ்ரைன் வெளியுறவு அமைச்சர்கள் கையெழுத்திட்ட வெறும் கூட்டக் குறிப்பையே பன்னாட்டு நீதிமன்றம் 1994இல் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் உள்ளடக்கத்தைத்தான் பார்த்தது. கட்டுப்பட விரும்பாவிட்டால், எந்தச் சட்டக் கடப்பாட்டையும் இது உருவாக்காது என்று ஒரு வரியை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். கூட்டக் குறிப்பில் ஒப்பமிடும்போதும் அதே எச்சரிக்கை வேண்டும்.

இரண்டாம் படி: தில்லிக்குள் பேசி முடியுங்கள்

இந்தியாவில் உடன்படிக்கைகளுக்கு நாடாளுமன்றத்தின் ஏற்புறுதி தேவையில்லை. வெளிநாடுகளோடு உடன்படிக்கை செய்வது அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் இருப்பதால், 73ஆம் பிரிவின்படி அது ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரத்துக்குள் வருகிறது. சட்டத் திருத்தம் தேவைப்பட்டால் மட்டும் 253ஆம் பிரிவின் கீழ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும். ஆனால் 1961ஆம் ஆண்டின் அலுவல் நடத்தை விதிகள் இத்தகைய உடன்படிக்கைகளை அமைச்சரவைக்குக் கொண்டுபோகச் சொல்கின்றன. அமைச்சரவைக் குறிப்புக்கு முன்னால் தொடர்புள்ள அமைச்சகங்கள் அனைத்தின் கருத்தும் பெறப்பட வேண்டும். உங்கள் காலத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது இதுதான்.

வெளியுறவு அமைச்சகத்தில் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். அந்த நாட்டைக் கவனிக்கும் நிலப்பிரிவு அரசியல் கோணத்தில் ஒப்புதல் தரும். சட்டம் மற்றும் உடன்படிக்கைகள் பிரிவு வரைவை வரிவரியாகச் சரிபார்க்கும். இரண்டாவது பிரிவிடம் கடைசியாகப் போகும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து முதல் வரைவிலேயே போங்கள். அவர்கள் எழுப்பும் ஆட்சேபங்களை எதிர்த்தரப்பிடம் காட்டுவதற்கு முன் தீர்த்துவிட்டால், பின்னால் ஒப்புக்கொண்டதை மாற்றச் சொல்லும் சங்கடம் நேராது. நிதி ஆலோசகரின் ஒப்புதலும் உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்புக் கருத்தும் இதே காலத்தில் கேட்கப்பட வேண்டும்.

அதற்குப் பிறகு பொருளைப் பொறுத்து வழி பிரிகிறது. மருத்துவ ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழியாகச் செல்லும் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு; அணு ஆற்றல் என்றால் மும்பையின் அணுசக்தித் துறை; விண்வெளி என்றால் விண்வெளித் துறையின் தலைமையகமான பெங்களூரின் அந்தரிக்ஷ பவன். கடல் ஆய்வு என்றால், நம் தனிப் பொருளாதார மண்டலத்துக்குள் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் வருவதற்கு முன்அனுமதி வேண்டும். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 248ஆம் பிரிவு ஆறு மாதங்களுக்கு முன்பே விவரங்களைத் தரச் சொல்கிறது. குடிமைப் பணிக்கும் இராணுவத்துக்கும் உதவக்கூடிய இரட்டைப் பயன்பாட்டுக் கருவிகளோ தொழில்நுட்பத் தகவலோ வெளியே போவதாக இருந்தால், வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலைப் புரட்டாமல் எந்த வாக்குறுதியும் தரக்கூடாது.

இந்தச் சுற்று முடிந்ததும் ஒரு பேச்சுவார்த்தைக் குறிப்பை எழுதி மேலதிகாரியின் ஒப்பம் பெறுங்கள். எவை கட்டாயம் வேண்டும், எவற்றில் வளைந்துகொடுக்கலாம், எவற்றைத் தொடவே கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். ஒப்பம் பெற்ற குறிப்பு இல்லாமல் மேசைக்குப் போகிறவர் எதிர்த்தரப்பின் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் "தில்லியைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தில்லியிலேயே உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது நம்பகத்தன்மையைக் குறைத்துவிடும்.

மூன்றாம் படி: எதிர்த்தரப்பைப் படியுங்கள்

பெரும்பாலான நாடுகள் தாங்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளை வெளியிடுகின்றன. உங்களோடு பேசப்போகும் நாடு மற்றவர்களோடு கையெழுத்திட்ட அறிவியல் உடன்படிக்கைகளில் சிலவற்றை அருகருகே வைத்துப் படித்தால், எந்த வாசகம் அவர்களுக்கு அசையாதது, எது ஆளுக்கேற்ப மாறுகிறது என்பது புலப்படும். அமெரிக்காவுக்கு அறிவுசார் சொத்துரிமைக்கென்று ஒரு நிலையான இணைப்பு உண்டு. தவிர, அவர்களுடைய துறைகள் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எதையும் பேசத் தொடங்குவதற்கு முன் அங்கே வெளியுறவுத் துறையின் உள் அனுமதி பெற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சார்பில் ஆணையம் பேசுகிறது. 2001 நவம்பரில் இந்தியாவோடு கையெழுத்தான உடன்படிக்கை அவ்வாறு உருவானதுதான். ஜெர்மனியில் அமைச்சகம் ஒப்புக்கொண்டாலும் பல்கலைக்கழகங்கள் மாநில அரசுகளின் பொறுப்பில் இருக்கின்றன. எதிரே அமர்ந்திருப்பவரால் எதை வாக்களிக்க முடியும் என்று தெரிந்துகொண்டு கேட்பவர், கிடைக்காததைக் கேட்டு நேரத்தை வீணாக்குவதில்லை.

நான்காம் படி: வரைவு

முடிந்தால் முதல் வரைவை நீங்களே அனுப்புங்கள். யாருடைய வரைவு மேசையில் இருக்கிறதோ அதன் சட்டகத்துக்குள்தான் மற்றவர் பேச வேண்டியிருக்கும். முகவுரைக்கு நெடுநேரம் செலவிட வேண்டாம். நட்பைப் பற்றிய வாக்கியங்களில் சண்டை வருவது அபூர்வம். ஒவ்வொரு பிரிவையும் ஒரே கேள்வியால் சோதித்துப் பாருங்கள்: இந்த உடன்படிக்கையை நம்பி நாளை ஒரு முனைவர் பட்ட மாணவர் ஒரு மாதிரிப் பொருளையோ தரவையோ கருவியையோ எடுத்துக்கொண்டு புறப்பட்டால், எந்த அனுமதியில், யார் பணத்தில், கண்டுபிடிப்பில் என்ன உரிமையோடு போகிறார்? இதற்கு விடை தராத பிரிவை மறுபடியும் எழுதுங்கள்.

அறிவுசார் சொத்துரிமைதான் மிகவும் சிக்கலான பகுதி. இந்தியாவும் அமெரிக்காவும் பல ஆண்டுகள் கூட்டாக ஆய்வு நடத்திவந்தும், 2005 அக்டோபரில் கையெழுத்தான அறிவியல் தொழில்நுட்ப உடன்படிக்கையில்தான் முதன்முறையாக அறிவுசார் சொத்துரிமைக்கான விதிமுறைகள் இரு நாடுகளுக்கும் பொதுவாக வகுக்கப்பட்டன.

முதலில், ஒவ்வொரு தரப்பும் ஏற்கெனவே வைத்திருக்கும் அறிவையும், கூட்டாய்வில் புதிதாகப் பிறக்கும் அறிவையும் பிரித்து எழுதுங்கள். முன்னதன் உரிமை உரியவரிடமே இருக்கும். திட்டத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும் மற்றவருக்குப் பயன்படுத்தும் அனுமதி. புதியதைப் பற்றி "இரு தரப்பும் கூட்டாக உரிமை கொள்ளும்" என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவது பரவலான தவறு. கூட்டுரிமை என்பது அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்காமல் வைத்திருக்கும் நிலத்தைப் போன்றது. யார் உழலாம், யார் குத்தகைக்கு விடலாம் என்று பேசிவைக்காவிட்டால் வழக்கில்தான் முடியும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, ஒரு கூட்டுரிமையாளர் மற்றவர்களின் சம்மதம் இல்லாமல் பிறருக்கு உரிமம் வழங்க முடியாது. அமெரிக்கச் சட்டத்தில் அத்தகைய சம்மதம் பொதுவாகத் தேவையில்லை. உடன்படிக்கை மௌனமாக இருந்தால், ஒரே கண்டுபிடிப்புக்கு இரு நாடுகளிலும் இருவேறு விளைவுகள் ஏற்படும். நம் ஆய்வகத்தின் கையைக் கட்டிவைத்துவிட்டு, மற்றவர் அவருடைய நாட்டில் தாராளமாக உரிமம் வழங்கும் நிலை வரலாம். எனவே அவரவர் நாட்டில் அவரவர்க்கு என்ன உரிமை, மூன்றாம் நாடுகளில் எப்படி, வருவாயை எந்த விகிதத்தில் பகிர்வது என்பதை எழுதுங்கள். விருந்தினராகச் சென்று ஆய்வு செய்பவரின் உரிமை ஏற்கும் நிறுவனத்தின் விதிகளைப் பொறுத்தது என்று எதிர்த்தரப்பு கேட்கக்கூடும். அப்படியானால் அந்த நிறுவனத்தின் விதிகளை வாங்கிப் படித்த பிறகே சம்மதியுங்கள்.

காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவையும் மறக்கக்கூடாது. இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதற்கு முன், இங்கே விண்ணப்பித்து ஆறு வாரங்கள் கடந்திருக்க வேண்டும், அல்லது எழுத்துமூலம் முன்அனுமதி பெற்றிருக்க வேண்டும். "முதல் விண்ணப்பம் எந்த நாட்டில்" என்ற பிரிவை இதற்கு முரணாக எழுதினால், நம் விஞ்ஞானியைச் சட்டமீறலுக்குத் தள்ளியவர்கள் ஆவோம். இதோடு தொடர்புடையது ஆய்வுக் கட்டுரை. ஐரோப்பாவில் கட்டுரை வெளியானாலே புதுமை போய்விடும் என்ற விதி மிகக் கண்டிப்பானது. ஆகவே வெளியீட்டுக்கு முன் மற்றவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும் பிரிவு வேண்டும். ஆனால் அதற்கு நாள் கணக்கில் ஒரு வரம்பை வைத்துவிடுங்கள். வரம்பில்லாத காத்திருப்பு மாணவரின் பட்டத்தைத் தின்றுவிடும். அதை ஒருபோதும் ஏற்காதீர்கள்.

அடுத்தது மாதிரிகளும் தரவுகளும். நம் மண்ணின் நுண்ணுயிரியோ, செடியோ, விதையோ வெளியே போவதாக இருந்தால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் குறுக்கே நிற்கும், நிற்கவும் வேண்டும். அதன் 5ஆம் பிரிவு, அரசின் வழிகாட்டு நெறிகளுக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்ற கூட்டாய்வுத் திட்டங்களுக்கு முன்அனுமதி பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கிறது. உங்கள் உடன்படிக்கை அந்த விலக்குக்குத் தகுதி பெறும் வகையில் எழுதப்பட்டால், கீழே பணியாற்றும் ஆய்வாளர்களுக்கு எத்தனையோ மாதங்கள் மிச்சமாகும். தேசிய உயிரியல் பன்மை ஆணையம் சென்னையில் தரமணியில் இருக்கிறது. தில்லியில் கோப்பு நகரும்போதே அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மரபணு வளங்களின் பயனை அவற்றைத் தந்த நாட்டோடு பகிரச் சொல்லும், 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையில் எதிர்த்தரப்பு உறுப்பினரா என்றும் பாருங்கள். அமெரிக்கா உறுப்பினர் இல்லை. எனவே பயன்பகிர்வை உடன்படிக்கையிலேயே எழுத வேண்டிவரும். நோயாளிகளின் தகவல்களுக்கு 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு.

பணத்தைப் பற்றிய பிரிவு சுருக்கமாக இருக்கலாம், மங்கலாக இருக்கக்கூடாது. விமானக் கட்டணம் அனுப்பும் நாட்டுடையது, தங்குமிடமும் உள்ளூர்ச் செலவும் வரவேற்கும் நாட்டுடையது என்பது நெடுங்காலமாக நடப்பில் உள்ள ஏற்பாடு. "நிதி இருப்புக்கு உட்பட்டு" என்ற தொடரை இரு தரப்பும் கேட்கும்; கேட்பது நியாயமே. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபரில், ஜெர்மனியுடையது ஜனவரியில். ஆய்வுத் திட்டங்களைக் கேட்டு இரு நாடுகளும் விடுக்கும் கூட்டு அழைப்பில் ஒரு பக்கம் பணம் வந்தும் மறுபக்கம் ஆறு மாதம் வராமல் ஆய்வு நிற்பதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணம். நீண்டகால உறவுக்கு, 1987இல் இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து அமைத்த செஃபிப்ரா போல, இரு அரசுகளும் நிதி வழங்கும் பொது அமைப்பு ஒன்றை உருவாக்குவதே சிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெருந்திட்டங்களில் பணத்துக்குப் பதிலாகப் பொருளைத் தரும் முறை உண்டு. அணுக்கரு இணைவு உலை அமைக்கும் பன்னாட்டுத் திட்டமான ஐட்டருக்கு 2006 நவம்பரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, இந்தியாவின் பங்கில் பெரும்பகுதி கருவிகளாகவே செல்கிறது. உலையைச் சூழ்ந்திருக்கும் மாபெரும் வெற்றிடக் கலமான கிரையோஸ்டாட் குஜராத்தின் ஹஜீராவில் செய்யப்பட்டது. பொருளின் மதிப்பு முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுவதால், செலவு கூடினால் கூடுதல் சுமை செய்து தருபவருடையது. ஆதாயம் என்னவென்றால், அந்தத் தொழில்திறன் நம் பட்டறைகளில் தங்கிவிடுகிறது.

ஐந்தாம் படி: மேசையில்

குழு சிறியதாக இருக்கட்டும்: தலைவர், துறை விஞ்ஞானி, சட்ட அலுவலர், வெளியுறவுப் பிரதிநிதி, குறிப்பெடுப்பவர். பேசுவது தலைவர் ஒருவரே. மற்றவர்கள் அவர் கேட்கும்போது பேசலாம். ஒப்புக்கொள்ளப்படாத வாசகத்தைச் சதுர அடைப்புக்குள் வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். யாருடைய முன்மொழிவு என்பதையும் அதிலேயே குறிப்பார்கள். எளிய பிரிவுகளை முதல் நாள் காலையிலேயே முடித்துவிட்டு, சொத்துரிமை இணைப்பைச் சட்ட அலுவலர்களும் விஞ்ஞானிகளும் மட்டும் இருக்கும் சிறு குழுவுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு மாலையும் அன்றைய தூய பிரதியை இரு தரப்பும் சேர்ந்து திரையில் படித்து உறுதிசெய்யாமல் எழக்கூடாது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். எதிர்த்தரப்புக் குழுவில் தமிழறிந்த விஞ்ஞானி ஒருவர் இருப்பது இன்று வியப்புக்குரியதல்ல. இடைவேளையில் "எந்த ஊர் சார் நீங்க?" என்று தொடங்கும் பேச்சு இறுக்கத்தைத் தளர்த்தும், அதில் தவறில்லை. ஆனால் அவர் தம் நாட்டின் பிரதிநிதியாக வந்திருக்கிறார். அவரிடம் சலுகையை எதிர்பார்ப்பது அவரைத் தர்மசங்கடத்தில் தள்ளும். அதேபோல, நமக்குள் தமிழில் பேசிக்கொண்டால் யாருக்கும் புரியாது என்று எண்ணி மேசையிலேயே நம் நிலைப்பாட்டை விவாதிப்பதும் கூடாது.

பூசல் தீர்க்கும் பிரிவில் நடுவர் மன்றம் வேண்டும் என்று வாதாட வேண்டாம். அறிவியல் உடன்படிக்கைகளில் கலந்துபேசித் தீர்ப்பதே பொதுவழக்கு. அதற்கு மேல் கேட்பது சட்டப் பரிசீலனையை இழுத்தடிக்கும்.

ஆறாம் படி: கையெழுத்துவரை

இறுதி வாசகம் மீண்டும் சட்டப் பிரிவுக்கும், பிறகு அமைச்சரவைக் குறிப்பாகவும் செல்லும். 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தின்படி ஒன்றிய அரசின் ஒப்பந்தங்கள் இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பின் மொழியும் சேரும். பொருள் மாறுபட்டால் எந்தப் பிரதி மேலோங்கும் என்பதை மறவாமல் எழுதுங்கள். பெரும்பாலும் அது ஆங்கிலப் பிரதியாகவே இருக்கும். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கப் போதிய நாள்கள் ஒதுக்காததால், கையெழுத்துக்கு முந்தைய இரவில் திருத்தம் செய்யும் பதற்றம் வருகிறது. நாட்டுத் தலைவர், அரசுத் தலைவர், வெளியுறவு அமைச்சர் தவிர வேறு எவர் கையெழுத்திடுவதாக இருந்தாலும் முழு அதிகாரப் பத்திரம் தேவைப்படும். அதை வெளியுறவு அமைச்சகம் வழங்கும். நம்மிடம் இருக்கும் பிரதியில் இந்தியாவின் பெயரும், அவர்களிடம் இருக்கும் பிரதியில் அவர்கள் நாட்டின் பெயரும் முதலில் வரும்.

ஏழாம் படி: கையெழுத்துக்குப் பின்

கையெழுத்தான நாளே நடைமுறைக்கு வருமா, உள்நாட்டு நடைமுறைகள் முடிந்ததாகத் தூதரகக் குறிப்புகள் பரிமாறப்பட்ட பிறகா என்பது வாசகத்தைப் பொறுத்தது. ஐ.நா. சாசனத்தின் 102ஆம் பிரிவின்படிப் பதிவு செய்வதும் உண்டு. உடன்படிக்கையைச் செயல்படுத்தும் இரு நாட்டுக் கூட்டுக் குழுவின் முதல் கூட்டத்துக்கு நாள் குறிப்பது இவற்றைவிட அவசரமானது. அந்தக் குழு கூடாவிட்டால் அழைப்பு வெளியாகாது. அழைப்பு வெளியாகாவிட்டால் ஒரு மாணவரும் பயணப்பட மாட்டார். இரு பக்கத்திலும் பொறுப்பான ஒருங்கிணைப்பாளரின் பதவியை உடன்படிக்கையிலேயே குறிப்பிடுங்கள். ஆள் மாறினாலும் பதவி இருக்கும்.

காலவரையை ஐந்தாண்டாக வைப்பது வழக்கம். புதுப்பித்தல் தானாக நிகழுமா, எழுத்துமூலம் கேட்க வேண்டுமா என்ற சிறு வாசகம் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு அமெரிக்க சீன உடன்படிக்கையே சான்று. 1979 ஜனவரியில் கார்ட்டரும் டெங் சியாவோபிங்கும் கையெழுத்திட்ட அது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுவந்தது. 2023 ஆகஸ்டில் ஆறு மாதங்களுக்கும், மீண்டும் ஆறு மாதங்களுக்கும் மட்டுமே நீட்டிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் காலாவதியானது. டிசம்பர் 13 அன்று, அடிப்படை ஆய்வுக்கு மட்டும் என்று வரம்பு குறுக்கப்பட்டு, முன்தேதியிட்டுப் புதுப்பிக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் இரு நாட்டு ஆய்வகங்களும் அடுத்து என்ன என்று தெரியாமல் காத்திருந்தன.

முடிவுறுத்தும் பிரிவில் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் வேண்டும். முதலாவது, ஆறு மாத முன்னறிவிப்போடுதான் விலகலாம் என்பது. இரண்டாவது, உடன்படிக்கை முடிந்தாலும் அதன் கீழ் ஏற்கெனவே தொடங்கிய திட்டங்கள் அவற்றின் காலம் முடியும்வரை தொடரும், சொத்துரிமையும் இரகசியக் காப்பும் குறித்த கடமைகள் நீடிக்கும் என்பது. காலாவதித் தேதிக்கு ஓராண்டு முன்னதாகவே மதிப்பீட்டுக் குறிப்பைத் தயாரித்துக் கோப்பில் இட்டுவிடுங்கள். உங்களுக்குப் பின் அந்த மேசைக்கு வருபவர், அமைச்சகங்களிடம் கருத்துக் கேட்கும் சுற்றை மறுபடியும் தொடங்க அந்த ஓராண்டு சரியாக இருக்கும்.